பழுப்பு நிறம் தொடர்பாக

பெறுநர்: இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், புது தில்லி.
பொருள்: பழுப்பு நிறம்.
பார்வை: இடது கண்ணில் புரை, வலது கண் பரவாயில்லை.

ஐயா / அம்மையீர்,

சர்க்கரை ஏறிவிட்டதால் மைதாவை விட்டு முழுதானியத்துக்கு மாறச் சொன்னார் டாக்டர். சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். மூன்று மாதமாகக் கடையில் பாக்கெட்டுகளைப் புரட்டிக்கொண்டு நிற்கிறேன். பில் போடும் பெண் என்னைத் திருடன் என்று சந்தேகிப்பதை நிறுத்திவிட்டார், இப்போது பரிதாபம்தான்.

முதலில் நன்றி. சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக எழுதவேண்டும் என்று நீங்கள் விதி போட்டதால்தான், முன்பக்கம் கதிரும் களத்துமேடுமாக இருந்த பழுப்பு ரொட்டியின் முதுகில் முதல் பெயராக மைதா உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். நிறம்? கேரமல், 150ஏ. சர்க்கரையைக் கருக்கி எடுத்த சாயமாம். தவிட்டை மாட்டுக்கு வைத்துவிட்டு அதன் நிறத்தை மட்டும் நமக்குப் பரிமாறுகிறார்கள்.

ராகி பிஸ்கட்டில் ராகி 9%. பெயரில் உள்ள பொருளின் சதவீதத்தைச் சொல்ல வைத்ததும் உங்கள் விதிதான். வாசலில் இருபதடி பேனர் கட்டிவிட்டு மொய் பதினொரு ரூபாய் எழுதும் உறவினர் நினைவுக்கு வந்தார். இன்னொரு பாக்கெட் ‘கோதுமையின் நற்குணம்’ என்கிறது. பொய்யில்லை. மைதாவும் கோதுமைக்குப் பிறந்ததுதானே, தவிடும் முளையும் போனபின் மிஞ்சிய பிள்ளை. ‘கைக்குத்தல்’ அரிசியும் வாங்கினேன். யாருடைய கை என்று அட்டையில் இல்லை.

2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தபின் சாமை, தினை எல்லாம் கடைக்கு வந்தன, பட்டை தீட்டி வெள்ளை வெளேரென்று. கேழ்வரகுதான் தப்பியது, தோல் மாவோடு ஒட்டிப் பிறந்ததால் உரிப்பது சுலபமில்லை.

பத்துக் கிளை உள்ள உணவகம் மெனுவில் கலோரி போடவேண்டும் என்று 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தீர்கள். எங்கள் தெரு ஹோட்டலுக்கு ஒரே கிளை, மாடியில் முதலாளி குடியிருக்கிறார். அங்கே கோதுமைப் பரோட்டா கேட்டேன்.

“தம்பி, இதுல மைதா உண்டா?”

“அது இல்லாம வீச வராது சார். கொஞ்சம்தான்.”

“கொஞ்சம்னா?”

“பாதிக்கு மேல.”

உங்கள் அட்டையைவிட அந்தத் தம்பி தெளிவு.

சைவத்துக்குப் பச்சைப் பொட்டு, அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம், செறிவூட்டியதற்கு நீல ‘+எஃப்’. சாப்பிடக் கூடாததற்கும் கறுப்புப் பெருக்கல் குறி வைத்திருக்கிறீர்கள். எழுத்துக்கூட்டத் தெரியாத என் பாட்டியே பச்சைப் பொட்டைப் பார்த்துத்தான் வாங்குவாள். அமெரிக்காவில் 2005 முதல் ஒரு தனியார் அமைப்பு, ஒரு பங்குக்கு எத்தனை கிராம் முழுதானியம் என்று எண்ணோடு முத்திரை குத்த வைக்கிறது. நமக்கு அவ்வளவு கணக்கு வேண்டாம். தவிடு நீக்கிய மாவில் செய்த பண்டத்தின் முன்பக்கத்தில் ஒரு மாட்டுத் தலை போடச் சொல்லுங்கள்: தவிடு இவருக்குப் போய்விட்டது என்று பொருள். மாடு சிரிப்பதுபோல் இருந்தால் நல்லது. பக்கத்திலேயே பச்சைப் பொட்டும் இருக்கட்டும், குழப்பம் வராது.

இப்படிக்கு,
பாக்கெட்டைத் திருப்பியபடி,
ஒரு நுகர்வோர்

இணைப்பு: மேற்படி ரொட்டி, ஒரு துண்டு. நிறம் சரியாக இருக்கிறது.