காரணம்: மகனின் படிப்பு

2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்ட பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து தெஹிவளைக்கு வந்து சேர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அந்தக் காலத்தில் கொழும்புப் பக்கம் ஒரு தமிழ்க் குடும்பம் வீடெடுக்க அட்வான்ஸ் காசு மட்டும் போதாது, தகுந்த காரணமும் வேண்டும். பொலிஸ் பதிவுப் படிவத்தை வீட்டுக்கார நானா சிங்களத்தில் நிரப்பிக்கொண்டு வந்தார். பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், நிரந்தர முகவரி எல்லாம் முடிந்து, "என்ன காரணத்துக்கு இங்க இருக்கீங்க?" என்று நிமிர்ந்து பார்த்தார். அப்பா கண் வெட்டாமல் சொன்னார்: "மகன்ரை படிப்பு."

அந்த மகன் நான். கணிதத்தில் நாற்பதைத் தாண்டுவதே எனக்குப் பெரும்பாடு.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அப்பா, அம்மா, அக்கா, அம்மம்மா எல்லாரும் சட்டப்படி அந்த அனெக்ஸில் குடியிருப்பது என் புத்தகப் பையை நம்பித்தான். நான் கிரிக்கெட் மட்டையைத் தூக்கினால் அம்மம்மா பதறிப்போவா: "தம்பி, இப்ப பொலிஸ் வந்தால் என்னடா சொல்லுறது?" மற்ற வீடுகளில் படிக்காத பிள்ளைக்கு ஏச்சு விழும். எங்கள் வீட்டில் படிக்காத பிள்ளையால் குடியுரிமைக்கே ஆபத்து.

வெள்ளவத்தையில் ரியூசனுக்குப் போகத் தொடங்கியபோதுதான் எல்லார் வீட்டிலும் இப்படி ஒருவர் அகப்பட்டிருக்கிறார் என்று தெரிந்தது. கொட்டாஞ்சேனைக்காரன் வீட்டில் காரணம் அவனுடைய அப்பம்மாவின் இருதய நோய். மனுசி கல்லுப் போல நல்ல சுகம். கோயில் வீதியைச் சுற்றத் தொடங்கினால் பேரன்தான் மூச்சிரைக்க வேண்டும். ஆனால் வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் போதும், கட்டிலில் சாய்ந்து முனகத் தொடங்கிவிடுவாவாம். இன்னொருவன் வீட்டுக் காரணம் "வெளிநாடு செல்லக் காத்திருத்தல்". காத்திருந்த சித்தப்பா, தொடங்கும்போது தலைநிறைய முடியோடு இருந்தவராம். சும்மா கொழும்பில் இருக்கிறவன் என்று எங்கள் வாங்கில் ஒருவனும் இல்லை.

பக்கத்து வீட்டுச் சிங்களப் பெடியன் எனக்கு நல்ல கூட்டாளி. என் சிங்களம் முழுக்க அவன் போட்ட பந்துகளுக்கு ஆட்டமிழந்து, அவனோடு சண்டை பிடித்துப் பழகியது. எனக்கும் அவனுக்கும் அடையாள அட்டை கிட்டத்தட்ட ஒரே காலத்தில் கிடைத்தது. இரண்டையும் மதிலில் வைத்து ஒப்பிட்டோம். அவனுடையதில் சிங்களம் மட்டும், என்னுடையதில் சிங்களமும் தமிழும். "உனக்கு மட்டும் ரெண்டு பாஷை, எங்களுக்கு ஏன் இல்லை?" என்று அவன் உண்மையாகவே பொறாமைப்பட்டான். அந்த இரண்டாவது பாஷை சோதனைச் சாவடியில் என்ன வேலை செய்யும் என்று நான் விளங்கப்படுத்தவில்லை. கூட்டாளி ஒருவன் என்னைப் பார்த்து ஏங்கியது அன்றைக்குத்தான், அதைக் கெடுப்பானேன்? அட்டை வந்ததற்கு நான் ஃபலூடா குடித்துக் கொண்டாடினேன். அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தா. இனிமேல் மகனைச் சின்னப் பிள்ளை என்று சொல்லித் தப்பமுடியாது என்ற கணக்கு அவவுக்கு.

ஊரிலிருந்து ஆர் வந்தாலும் மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிக்கொண்டு போவதும் என் பொறுப்பு. 1936இல் தொடங்கிய இடம், பின்னேர யானை ஆட்டம் அப்போது பேர்போனது. கூட்டுக்கு முன்னால் பெயரும் சொந்த நாடும் எழுதிய பலகை இருக்கும். "என்ன காரணத்துக்குத் தெஹிவளையிலை நிக்குது எண்டு ஒண்டையும் கேக்கேல்லைப் போல" என்றார் வைத்தியத்துக்கு வந்ததாகப் பதிந்திருந்த மாமா, மேடு பள்ளமெல்லாம் என்னைவிட வேகமாக ஏறி இறங்கியபடி.

பதிவைப் புதுப்பிக்க ஒருமுறை அப்பாவோடு பொலிசுக்குப் போனேன். வீட்டில் அவர் குரல் மூன்று வீட்டுக்குக் கேட்கும். மேசைக்கு முன்னால் அந்தக் குரலைக் காணவில்லை. நான்தான் கதைத்தேன். அதிகாரி படிவத்தைப் பார்த்துவிட்டு, "நீதானா படிக்கிற ஆள்? கணக்குக்கு எத்தனை?" என்றார்.

"எண்பத்தெட்டு, சேர்."

எண்கள் மட்டும் அப்பாவுக்குச் சிங்களத்தில் நன்றாக விளங்கும். யாழ்ப்பாணத்தில் சொந்தக் கடை நடத்தியவர், இங்கே காலி வீதியில் ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். வெளியே வந்து, ஒன்றும் பேசாமல் எனக்கொரு மாலு பணிஸ் வாங்கித் தந்தார். அம்மாவிடம் மட்டும், "பெடியன் சிங்களம் நல்லாக் கதைக்கிறான்" என்றார். மாலு பணிஸ் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

2007 ஜூன் 7 அன்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழரை, தகுந்த காரணமில்லாமல் நிற்கிறார்கள் என்று சொல்லி பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அந்த ஓர் இரவுக்குத்தான் தடையொன்றும் இருக்கவில்லை. றேடியோவை நிற்பாட்டிவிட்டு அப்பா என் தேர்ச்சி அறிக்கையைக் கேட்டார். கணிதம் 42. "வகுப்பில் கதைப்பதைக் குறைக்கவும்" என்று ஆசிரியரின் குறிப்பு வேறு. ஏச்சுக்கு ஆயத்தமாக நின்றேன். அவர் அதை மடிப்பு நீவி, வீட்டு உறுதிக்கும் அடையாள அட்டைப் பிரதிகளுக்கும் நடுவில் ஃபைலில் வைத்தார். வகுப்பில் நான் அலட்டியதற்கு அதைவிட மரியாதை பிறகொருநாளும் கிடைத்ததில்லை.

படுத்த பிறகு, திரைக்கு அங்காலே அம்மா கேட்டது காதில் விழுந்தது. "பிள்ளையின்ரை தலையிலை ஏனப்பா இவ்வளவு பாரம்?"

"காரணம் கேக்கிற இடத்திலை பயம் எண்டு எழுதேலாதே," என்றார் அப்பா.

ஓ/எல் பெறுபேற்றில் கணிதத்துக்கு 'சி' வந்தது. கொட்டாஞ்சேனை அப்பம்மா இன்னும் பல வருடம் திடகாத்திரமாக நோயாளியாக இருந்தா.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் அந்தக் காலத்துப் படிவப் பிரதி ஏதும் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். காரணம் என்ற இடத்தில் யாரை எழுதியிருக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தேர்ச்சி அறிக்கையை மட்டும் தயவுசெய்து முதலே எடுத்து ஒளித்துவிடுங்கள்.