வேர்ச்செடி குளிர் தருமா?

கேள்வி: கொடைக்கானல் பேரியை நல்ல வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டினால், திண்டுக்கல்லில் காய்க்குமா?
– வாசகர், நாகல்நகர்

பதில்: வேர் தண்ணீர் கொடுக்கும், தாங்கி நிற்கும், மலைக்குளிரைக் கொடுக்க அதனால் ஆகாது. பேரி இலை உதிர்த்துக் குளிரில் தூங்கி எழுந்தால்தான் மொட்டு ஒழுங்காக விரியும். அந்தக் குளிர் கொடைக்கானலில், சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உங்கள் வீடு 300 மீட்டருக்கும் கீழே!

மலையில் தோட்டமுள்ள சொந்தக்காரர் இருக்கிறாரா? உடனே சிநேகமாகிவிடுங்கள். அங்கே நாட்டுப் பேரியே நம்பகமான வேர்ச்செடி. விதையைக் கழுவி, ஈர மணலில் கலந்து, இரண்டு மூன்று மாதம் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். குளிர் படாத விதை எளிதில் முளைக்காது. தண்டு பென்சில் கனம் வந்ததும், மரம் தூங்கும் மார்கழி, தையில் ஒட்டுக் கட்டலாம். பட்டைக்கு அடியிலுள்ள பச்சைப் படலம் ஒரு பக்கமாவது நேருக்கு நேர் பொருந்த வேண்டும்; உயிரே அதில்தான். குட்டை மரத்துக்காக ஐரோப்பாவில் சீமை மாதுளை வேரில் கட்டுகிறார்கள். ஆனால் பார்ட்லெட் ரகம் அதோடு சேராது. இரண்டோடும் ஒத்துப்போகும் வேறொரு பேரித் துண்டை நடுவில் வைத்தாக வேண்டும். சம்பந்தம் பேச ஆள் வைப்பதுபோல!

நாகல்நகருக்கு மாமரம் வையுங்கள். வேர்ச்செடிக்கு மாங்கொட்டையைச் சதை நீக்கிய சில நாட்களுக்குள் ஊன்றுங்கள். காய்ந்தால் முளைப்புத் திறன் போய்விடும்.