மம்முட்டிக்கும் ராணுவ முத்திரை

கேள்வி: பழைய இரும்புக் கடையில் கிடக்கும் ராணுவ மம்முட்டியைக் காசு கொடுத்து வாங்குகிறார்களாமே, உண்மையா? (வாசகர், மதுக்கரை)

பதில்: உண்மைதான். கடைக்காரர் தராசைப் பார்ப்பார். சேகரிப்பாளரோ முத்திரையைத் தேடுவார். அகன்ற அம்புக்குறி இருந்தால் பிரிட்டிஷ் அரசின் சொத்து. அதன் கீழே 'ஐ' என்ற ஆங்கில எழுத்தும் இருந்தால் இந்திய ராணுவத்தின் உடைமை.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய் சுமந்த 1908 மாதிரி மண் தோண்டும் கருவி இரண்டு துண்டு. ஒரு முனை மண்வெட்டி, மறுமுனை கொத்து என்று இருக்கும் இரும்புத் தலை முதுகுப்புறப் பையில். மரப்பிடி துப்பாக்கிக் கத்தியின் உறையோடு. இரண்டாம் உலகப் போரில், மாற்றியமைத்த பிடியின் நுனியில் துப்பாக்கிக் கத்தியைச் செருகி, புதைத்த கண்ணிவெடியைத் தேடினார்கள். பிடியும் தலையும் சேர்ந்து கிடைப்பது அரிது. கிடைத்தால் அன்றைக்குச் சேகரிப்பாளர் வீட்டில் பொங்கல்தான்!

தமிழர்களுக்கு இதில் தனி உரிமையே உண்டு. 1780-இல் தொடங்கிய மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் வேலையே வெட்டுவதும் கட்டுவதும். 'தம்பி' என்று செல்லப்பெயர் பெற்ற அந்த வீரர்களின் அருங்காட்சியகம் பெங்களூருவில் இருக்கிறது. ஒருமுறை அவசியம் பார்க்க வேண்டும்.

துரு பிடித்ததைக் கிரைண்டரில் தேய்த்தால் முத்திரையும் போய்விடும். பிரஷ், எண்ணெய், பொறுமை போதும். ஆனால் குண்டு, ஷெல் போல எது கண்ணில் பட்டாலும் தொடாமல் போலீசுக்குச் சொல்லிவிட வேண்டும்.