கேள்வி-பதில்: மலையேறும் முன் நம்பர்!

கொல்லிமலையின் வாழவந்தி நாட்டுக்காரர்கள் சிலர் சேர்ந்து புதுக் கார் வாங்கும் யோசனையில் இருப்பதாகத் தெரிகிறது. இந்த வாரம் அங்கிருந்து வந்த கேள்விகள் அத்தனையும் அதைப் பற்றித்தான்.

கே: நாமக்கல்லில் கார் புக் பண்ணியிருக்கேனுங்க. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நானே வண்டியைக் கொண்டு போய் நிக்கணுங்களா?

ப: மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டபோது அந்த வேலை டீலர் தலையில் ஏறிவிட்டது. வாங்கிய மாநிலத்திலேயே பதியும் புது வண்டிக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் அவர்தான். அங்கீகாரம் பெற்ற டீலர் விற்கும் வண்டியை முதல் பதிவுக்காக அதிகாரி முன் நிறுத்தத் தேவையில்லை என்றும் அந்தத் திருத்தம் சொல்கிறது.

விண்ணப்பம் படிவம் 20. விற்பனைச் சான்று படிவம் 21. வண்டி ஓட்டத் தகுதியானது என்று தயாரிப்பாளர் தரும் சான்று படிவம் 22. இவற்றோடு இன்சூரன்சும் முகவரிச் சான்றும் சேர வேண்டும். கடனில் வாங்கினால் வங்கியின் பெயரும் பதிவில் ஏறும்.

இன்னொன்றும் உண்டு. டீலர் வழியே பதிவாகும் புது வண்டியை, நம்பர் மாட்டாமல் உரிமையாளர் கையில் கொடுக்கவே கூடாது. "நீங்க எடுத்துட்டுப் போங்க, நம்பர் அப்புறம் வரும்" என்று யாராவது சாவியை நீட்டினால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவும் அங்கேயேதான் இருக்கும்.

கே: எலுமிச்சம்பழத்தைப் பதிவுக்கு முன் நசுக்க வேண்டுமா, பின்னா?

ப: படிவம் 20இல் அதற்குக் கட்டம் இல்லை. உங்கள் வசதி!

கே: சாலை வரி எவ்வளவு?

ப: 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் காருக்கான ஆயுட்கால வரி இப்படி: 5 லட்சம் ரூபாய் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. கார் 10 லட்சத்துக்குள் நின்றால் வரி அதிகபட்சம் 1,30,000. அந்தக் கோட்டைக் கொஞ்சம் தாண்டினாலும் 1,80,000க்கு மேல். மேற்கூரையில் ஒரு கண்ணாடி ஜன்னலுக்கு ஆசைப்பட்டுக் கோட்டைத் தாண்டுகிறவர், வானத்தைப் பார்க்க அரசுக்கு 50,000 ரூபாய் கட்டுகிறார். கொல்லிமலையில் கதவைத் திறந்தாலே வானம்!

கே: எனக்குக் கூட்டுத்தொகை 8 ஆகாது. நல்ல நம்பருக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?

ப: ஒரு பைசாகூட வேண்டாம்! சென்னையில் 'எம்.சி. 1' என்ற நம்பர் யாரிடம் இருந்தது தெரியுமா? துறைமுகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கிடம். ஒன்றாம் நம்பர் கார் வைத்திருந்தவரை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தவர்களுக்கும், அவருடைய அலுவலகத்தில் 1912இல் குமாஸ்தாவாகச் சேர்ந்த ஒருவரால்தான் தெரியும். ஈரோட்டில் பிறந்த அந்தக் குமாஸ்தா, கணித மேதை ராமானுஜன்.

பின்னாளில் இங்கிலாந்தில் நோயுற்றுக் கிடந்த அவரைப் பார்க்கப் பேராசிரியர் ஹார்டி வாடகைக் காரில் போனார். அதன் எண் 1729, சுவாரசியமே இல்லாத எண் என்றார் ஹார்டி. படுத்திருந்தவர் உடனே மறுத்தார்: இரண்டு கன எண்களின் கூட்டலாக இருவேறு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது. 1, 12 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 1729. 9, 10 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 1729. அந்த எண்ணுக்காக யாரும் ஏலத்தில் நிற்கவில்லை. உங்களுக்கு எட்டு வந்தால், அது இரண்டின் கனம் என்று பெருமையாகச் சொல்லுங்கள்.

கே: நம்பர் பிளேட்டில் குலதெய்வத்தின் பெயர் எழுதலாமா?

ப: கூடாது. தெய்வத்துக்கு உங்கள் வண்டி நம்பர் ஏற்கெனவே தெரியும்.

கே: மருமகன் பெங்களூரில் கார் வாங்கி, தற்காலிக நம்பரோடு மலைக்கு ஓட்டி வந்துவிட்டார். கெடு முடிந்துவிட்டது. மிளகுப் பறிப்பு முடியட்டும், பிறகு பதியலாம் என்கிறார். பரவாயில்லையா?

ப: பரவாயில்லை என்று சொல்ல முடியாது. பதிவில்லாத வண்டியை ஓட்டினால் முதல் தடவைக்கு 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது சட்டம். பெரிய ஆபத்து அதுவல்ல, இன்சூரன்ஸ்.

ராஜஸ்தான்காரர் ஒருவர் பஞ்சாபில் பொலேரோ வாங்கினார். தற்காலிகப் பதிவு 2011 ஜூலை 19 அன்று முடிந்தது. பதியாமலே ஜோத்பூருக்குப் போனார். அதே மாதம் 28ஆம் தேதி, தங்கிய இடத்தின் வாசலிலிருந்து வண்டி திருடுபோனது. இன்சூரன்ஸ் நடப்பில்தான் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பதிவில்லாத வண்டியைப் பயன்படுத்தியது ஒப்பந்தத்தின் அடிப்படையையே மீறிய செயல், இழப்பீடு கிடையாது என்று 2021 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. கெடு தாண்டி ஒன்பதே நாள். போனது முழு வண்டியின் பணம்.

உங்கள் மருமகன் ஓட்டுவதோ காரவள்ளியிலிருந்து ஏறும் மலைப்பாதை. மிளகு இன்னும் சில நாள் கொடியில் நிற்கட்டும். பதிவு முடியும்வரை சாவியை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆவணங்களோடு அவரை நாளைக்கே நாமக்கல் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள்.