பெரிய வாத்தியார் வச்ச பொறந்தநாள்

போர், தெற்கு சூடான்
ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

மேலே இருக்கிறது ஊர் பேருதான், பதறாதே. ஜோங்லே மாநிலத்துக்குத் தலைநகரம், வெள்ளை நைல் கரையில இருக்கு. போன தடவை போன்ல "போர்ல இருக்கேன்"னு சொன்னதுக்கு அம்மா அய்யனாருக்குக் கிடா நேர்ந்துட்டா. ஒரு ஊர் பேருக்கு ஒரு கிடா போச்சு.

நம்ம தேவதானத்துக் கோயிலை ஆகாயத் தலம்னு சொல்வாங்கள்ல? அங்க மேற்கே திரும்பினா மலைதான் மறைக்கும். இங்க மலையே கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆகாயம்தான்.

முந்தாநாள் எனக்குப் பொறந்தநாள், ரிக்கார்டு அப்படித்தான் சொல்லுது. அம்மா கணக்குல நான் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த மறுநாள் பொறந்தவன். பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போனப்போ பெரிய வாத்தியார் வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொன்னார். விரல் தொட்டுச்சோ இல்லையோ, ஜூன் 1-னு எழுதிட்டார். அன்னைக்குச் சேர்ந்ததுல பாதிப் பேருக்கு அதே தேதிதான். பட்டாளமும் அதைத்தான் நம்புது.

சாயங்காலம் ரோல் கால்ல சுபேதார் சாப் என் பேரைக் கூப்பிட்டதும் வயித்தைக் கலக்கிருச்சு. முந்தின நாள்தான் வண்டியைச் சேத்துல இறக்கியிருந்தேன். இங்க மே மாசம் மழை பிடிச்சா அக்டோபர் வரைக்கும் விடாது. மண்ணும் நம்ம சாத்தூர்க் கரிசலேதான், காஞ்சா பாறை, நனைஞ்சா அல்வா. டயர்ல அப்பின மண்ணைச் சுரண்டியே பொழுது சாஞ்சுது. ஐ.நா.ன்னு கொட்டை எழுத்துல எழுதின வெள்ளை வண்டிதான், ஆனா கரிசலுக்குப் படிக்கத் தெரியலையே!

கூப்பிட்டது கேக் வெட்ட. லங்கர்ல, அதான் எங்க சமையல்கட்டுல, ஒரு பஞ்சாபிப் பையன், குக்கர்ல உப்பைக் கொட்டி அது மேல வச்சுச் சுட்டிருக்கான். கத்தி இறங்கலை. "அரிவாள் இருக்கா?"ன்னேன், அவனுக்குத் தமிழ் தெரியாததால தப்பிச்சேன்.

(இந்தப் பாராவை அம்மாவுக்கு வாசிக்காதே. 2013 ஏப்ரல்ல இதே ஜோங்லேயில, ஐ.நா. வண்டிகளுக்குக் காவல் போன நம்ம ராணுவத்தார் 5 பேரைப் பதுங்கியிருந்து சுட்டுட்டாங்க. கேக்குக்கு முந்தி சாப் அதைச் சொன்னார். ஒரு நிமிஷம் எல்லாரும் நின்னோம்.)

அக்கம்பக்கத்துல இருந்தும் வந்தாங்க. நைல் வெள்ளத்துக்குக் கரை கட்டுற கொரியாப் படை ஒண்ணு இங்க இருக்கு, ஹன்பிட்னு பேரு. அதுல ஒருத்தர் பிளாஸ்க்ல கடல்பாசி சூப்பு கொண்டுவந்தார். அவங்க ஊர்ல பிள்ளை பெத்தவளுக்கு அதுதான் பத்தியமாம், அதனால பிள்ளையும் வருஷாவருஷம் பொறந்தநாளுக்குக் குடிக்கணுமாம். முதல் மடக்கு கம்மாய்ப் பாசியைக் கொதிக்க வச்ச மாதிரி இருந்துச்சு. சாப் முறைச்சதால முழுங்கினேன். ரெண்டாவது கப்பு நானாத்தான் கேட்டேன். அங்க பொறக்கும்போதே ஒரு வயசு, அப்புறம் புத்தாண்டு பொறந்தா ஊருக்கே ஒரு வயசு கூடுமாம். 2023-லதான் சட்டம் போட்டு மாத்தினாங்களாம். அப்பத்தா "நடப்பு முப்பத்தஞ்சு"ன்னு என் வயசை ஏத்திச் சொல்லுமே, அது கொரியாவுல பொறந்திருக்க வேண்டியது.

இங்க இருக்கிற சிலோன் ஆஸ்பத்திரிக்காரர் ஒருத்தர் கிரிபத் கொண்டுவந்தார். தேங்காய்ப்பால்ல வெந்த சோத்தை வில்லை போட்டு, தொட்டுக்க மிளகாய்ச் சம்பல். தட்டு ரெண்டு நிமிஷத்துல காலி.

கடைசியா எங்க மொழிபெயர்ப்பாளர் வந்தார். டிங்கா இனம், கண்டெய்னர் வாசல்ல குனிஞ்சுதான் நுழைவார். மாட்டுப்பட்டியில இவங்க ஆளுங்க கொசுவுக்காகச் சாணிச் சாம்பலை உடம்பு பூராவும் பூசியிருப்பாங்க. முதல் தடவை பார்த்தப்போ, அத்தனை பேரும் நம்ம தேவதானத்து நச்சாடை தவிர்த்தருளிய சாமியைக் கும்பிட்டு வந்த மாதிரியே இருந்துச்சு. வந்தவர் கையில கிஸ்ரா. வேற ஒண்ணுமில்லை, புளிச்ச சோளமாவு தோசை!

"உங்களுக்கு எப்போ பொறந்தநாள்?"னு கேட்டேன்.

"ஜனவரி 1."

பக்கத்துல நின்ன அவர் கூட்டாளிக்கும் ஜனவரி 1-தான். பொறந்த தேதியை எழுதி வைக்காத ஊர்ல, பாரம் நிரப்பினவங்க போட்ட தேதி. அவர் அம்மாவைக் கேட்டா வெள்ளம் வந்த வருஷம்னுதான் சொல்வாங்களாம். நான் காதைத் தொட்ட கதையைச் செஞ்சு காட்டினேன். அவர் கையைத் தலைக்கு மேலே போட்டார், நீளக் கை, காதைத் தாண்டித் தாடைக்கே வந்துருச்சு. எங்க பெரிய வாத்தியார் பார்த்திருந்தா நேரா அஞ்சாம் வகுப்புல போட்டிருப்பார்.

அன்னைக்கு ராத்திரி போன் பண்ணலைன்னு அம்மா கோவிச்சுக்குவா. எனக்கு ஒன்பது மணின்னா உங்களுக்குப் பன்னிரண்டரைன்னு சொல்லு. பால்கோவா அனுப்பாதே, வந்து சேர்றதுக்குள்ள கெட்டுப்போயிரும். இந்த வருஷம் ஆடிப்பூரம் என்னைக்குன்னு மட்டும் காலண்டரைப் பார்த்து உடனே எழுது. கொரியாக்காரர்கிட்ட சொல்லி வைக்கணும், சூப்பு வைக்க.

உன் தம்பி