ஃலகர ஆராய்ச்சி

வேல்ஸ் நாட்டு ஊர்ப்பெயர்களை அந்தந்த ஊர்க்காரர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்பது பற்றி, யாம் அறிந்தவரை, தமிழ் ஆய்வுலகில் ஒருவரும் மூச்சு விட்டதில்லை. இந்த ஆய்வின் கருப்பொருளே மூச்சு விடுவதுதான் என்பதால் குறை இரட்டிப்பாகிறது.

அந்நாட்டு மொழியான வெல்ஷின் நெடுங்கணக்கில் 29 எழுத்துகள். அவற்றில் இரண்டு ‘எல்’ ஒட்டி நிற்கும் ஓர் எழுத்துதான் வெளியூர்க்காரர்களைக் காட்டிக்கொடுப்பது. நாக்கை ‘ல்’ சொல்லும் இடத்தில் வைத்து, குரலை அணைத்துவிட்டு, கடைவாய்ப் பக்கமாகக் காற்றை விட வேண்டும். ஒரு மாலை முழுக்க யாம் இதைக் கண்ணாடி முன் நின்று பயின்றோம். அடுப்படியிலிருந்து எம் தாயார், “ஏன்டா, சைக்கிள் டியூப்ல காத்து எறங்குதா, போய்ப் பாரு” என்று குரல் கொடுத்தார். இந்த ஆய்வுக்குக் கிடைத்த முதல் அங்கீகாரம் அது.

பக்கத்து வீட்டு ஆங்கிலேயருக்கு இது பல நூற்றாண்டுகளாகியும் வசப்படவில்லை. வாய்க்கு வராததை ‘ஃப்ல’ என்று சமாளித்தார்கள். ஷேக்ஸ்பியர் தம் ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்தில் வேல்ஸ்காரப் படைத்தலைவருக்கு ‘ஃப்ளூயெல்லன்’ என்று பெயர் வைத்தார். இரட்டை ‘எல்’லில் தொடங்கும் ‘ஃலுவெலின்’ என்ற வெல்ஷ் பெயர்தான் அது. சாம்பல் நிறத்தைக் குறிக்கும் ‘ஃலுயிட்’ என்ற சொல், வாய்க்கு வந்தபடி லாய்டு என்றும் ஃப்ளாய்டு என்றும் இரண்டு குடும்பப் பெயர்களாகிவிட்டது. லாய்டும் ஃப்ளாய்டும் பங்காளிகள் என்பது இருவருக்கும் தெரியுமோ என்னவோ.

இங்கே தமிழன் நெஞ்சு நிமிர்த்த இடமுண்டு. கல் + தீது சேர்ந்தால் கஃறீது என்கிறது நம் இலக்கணம். அதாவது வல்லினம் மோதிய வேகத்தில் லகரம் குரலிழந்து, காற்றாகி, ஆய்தமாகிறது. லகரத்திலிருந்து காற்றுக்கு வழி உண்டு என்று நன்னூலார் கண்டிருக்க, ஆங்கிலேயர் இன்னும் ‘த்ல’ என்று தடுமாறுகிறார்கள். ஆகவே இவ்வெழுத்தை இனி ‘ஃல’ என்றே எழுதுவது என ஏகமனதாக முடிவு செய்தோம். ஆய்வுக் குழுவில் யாம் ஒருவரே என்பதால் எதிர்ப்பு எழவில்லை.

மற்ற எழுத்துகள் பெரும்பாலும் நமக்குப் புதிதல்ல. இரட்டை ‘டி’ என்பது ‘அது’வில் வரும் மெல்லிய தகரம். ஒற்றை ‘எஃப்’ வெறும் வகரம். ‘டபிள்யூ’ அங்கே உயிரெழுத்தாகவும் வரும்; பேருந்தை ‘பி, டபிள்யூ, எஸ்’ என்று எழுதி ‘புஸ்’ என்பார்கள். நம்மூரில் பேருந்தின் டயரில் காற்று இறங்கினால் புஸ். அங்கே பேருந்தே புஸ்.

காலை வணக்கம் சொல்வதில் மட்டும் தமிழ்க் காதுக்குச் சங்கடம். ‘போரே டா’ என்பார்கள். எழுபது வயதுப் பாட்டி நம்மைப் பார்த்து அப்படிச் சொன்னால் ‘போறேன்டா’ என்று கேட்கும். ‘டா’ என்றால் நல்ல என்று பொருள். இரவில் ‘நோஸ் டா’. திருப்பிச் சொல்லலாம், மரியாதைக் குறைவில்லை.

அடுத்த சிக்கல் வடக்கு, தெற்கு. பாலுக்குத் தெற்கே ‘ஃலாய்த்’, வடக்கே ‘ஃலெவ்ரித்’. ‘இப்போது’ என்பதற்குத் தெற்கே எழுதும் சொல்லைப் பின்னாலிருந்து படித்தால் வடக்கத்திச் சொல் வந்துவிடும்: தெற்கே ‘நவுர்’, வடக்கே ‘ருவான்’. யாரோ கண்ணாடியில் பார்த்துப் படித்திருக்கிறார்கள் என்று முதலில் கருதினோம். விசாரித்ததில், ஒன்று ‘நாழிகையில்’ என்பதன் திரிபு, மற்றது ‘இந்த நாழிகை’ என்பதன் திரிபு, ஒற்றுமை தற்செயலாம். அழகான கருதுகோள் வீணாயிற்று.

இனி மைய வாதம். வெல்ஷ் பெரும்பாலும் எழுதியபடியே படிக்கும் மொழி. விதிகளை ஒரு பிற்பகலில் கற்றுவிடலாம். கற்ற பிறகுதான் ஆபத்து. டொல்கெஃலை என்று பெயர்ப்பலகையைப் பார்த்துச் சுத்தமாகச் சொல்பவர் உடனே மாட்டிக்கொள்வார். ஈற்று ‘ஐ’யை வடமேற்கில் ‘ஆ’வாக்கி ‘டொல்கெஃலா’ என்பதே அவ்வூர் வழக்கு. போர்த்மாடோக் வெறும் ‘போர்ட்’. ரோஸ்ஃலனெர்ஃக்ருகோக் என்று மூச்சைப் பிடித்துச் சொல்லி முடிப்பதற்குள், உள்ளூர்க்காரர் ‘ரோஸ்’ என்று முடித்துவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். தப்பாகச் சொல்பவர் சுற்றுலாப் பயணி. சரியாகச் சொல்பவர் வகுப்பில் படித்தவர். பாதியை விழுங்குபவரே ஊர்க்காரர். இதுவே எம் கண்டுபிடிப்பு.

இதற்கு ஆங்கில்சி தீவிலுள்ள அந்த உலகப் புகழ் ஊரே சான்று: ஃலான்வைர்புஃல்குவின்கிஃல்கோகெரிஃகுவிர்ன்ட்ரோபுஃல்ஃலான்டிசிலியோகோகோகோஃக். ரயிலில் வருவோரை இறங்க வைக்க 1860-களில் பெயரை இப்படி இழுத்து நீட்டினார்கள் என்பது வரலாறு. ஆங்கிலக் கணக்கில் 58 எழுத்து, வெல்ஷ் கணக்கில் 51. நடுவே நான்கு ‘எல்’ அடுத்தடுத்து நிற்கும்; உண்மையில் அவை இரண்டே எழுத்துகள். நிலையப் பலகையில் ஆங்கிலேயருக்காக உச்சரிப்புக் குறிப்பும் எழுதியிருக்கிறார்கள். அந்தக் குறிப்பின் முதல் எழுத்தே இரட்டை ‘எல்’! நீச்சல் தெரியாதவனுக்கு நீந்தும் முறையை அக்கரையில் எழுதி வைத்தது போல.

2015-இல் பிரிட்டன் தொலைக்காட்சியில் வானிலை சொல்லிக்கொண்டிருந்த லியாம் டட்டன் இப்பெயரை ஒரே மூச்சில், திக்காமல் சொன்னார். உலகமே அந்தக் காணொளியைப் பார்த்து வாய் பிளந்தது. ஊர்க்காரர்களோ அன்றும் ‘ஃலான்வைர்புஃல்’ என்றுதான் சொன்னார்கள். அதுகூட நீளம் என்றால் ‘ஃலான்வைர் பி.ஜி.’.

பயணச்சீட்டு வாங்கப் போகும் தமிழர்கள் கவலைப்பட வேண்டாம். அந்த நிலையத்துக்கு ரயில்வே வைத்திருக்கும் குறியீடு மூன்றே எழுத்து: எல்.பி.ஜி.