பழைய டிரில்லிங் மிஷினின் அகமும் புறமும்: ஓர் இலக்கண ஆராய்ச்சி

இட்லி மாவு ஏன் பொங்கவில்லை என்பதற்குத் தெருவுக்கு நான்கு கொள்கைகள் உண்டு. மிக்சி ஏன் நின்றது என்பதற்கும் வாய்மொழி மரபு வலுவாகவே இருக்கிறது. பரணிலிருந்து இறக்கிய பழைய டிரில்லிங் மிஷின் ஏன் ஓட மறுக்கிறது என்பதற்கு மட்டும் தமிழில் முறையான இலக்கணம் கிடையாது. எலக்ட்ரீஷியன்களுக்குத் தெரியும், எழுத மாட்டார்கள். வீட்டு ஆண்களுக்குத் தெரியாது, விளக்குவார்கள். இக்கட்டுரை அந்தக் குறையைப் போக்க வருகிறது.

மூலச் சான்று ஒன்றே: எங்கள் சித்தப்பாவின் டிரில். அலுமினிய உடல், பத்து எம்.எம். சக், கறுப்பு ரப்பர் ஒயர். பூப்போட்ட தலையணை உறைக்குள் வைத்துப் பேணப்பட்டு வருவது. ஆய்வுக்கு உடனடிக் காரணம், சமையலறையில் மாட்ட வேண்டிய ஒரு கரண்டி ஸ்டாண்டு. வேண்டிய துளைகள் இரண்டு.

பாயிரம் இல்லாமல் நூல் இல்லை என்பதால் வரலாறு சுருக்கமாக. மின்சாரத்தால் துளையிடும் கருவிக்கு 1889இல் மெல்போர்னில் ஆர்தர் ஜேம்ஸ் ஆர்னாட்டும் அவர் கூட்டாளியும் காப்புரிமை பெற்றார்கள். அது பாறைக்கும் நிலக்கரிக்குமான சாமான். கரண்டி ஸ்டாண்டு அவர்கள் கனவில் இல்லை. 1895இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஃபைன் நிறுவனம் அதைக் கையில் பிடிக்கும்படி செய்தது. துப்பாக்கிப் பிடியும் விசையும் வைத்த வடிவத்துக்கு அமெரிக்காவின் பிளாக், டெக்கர் என்ற இருவர் 1917இல் காப்புரிமை பெற்றார்கள். 1910இல் கம்பெனி தொடங்கும்போது முன்னவர் தம் காரை விற்றார், பின்னவர் வீட்டை அடமானம் வைத்தார். ஆக, அந்த டிரில் முதலில் துளை போட்டது குடும்ப பட்ஜெட்டில்.

இனி நூல். தொல்காப்பியம் பொருளை அகம், புறம் எனப் பகுக்கிறது. டிரில்லின் பழுதுகளும் அப்படியே பகுபடும். சுவர் பாயின்ட்டிலிருந்து கைப்பிடியின் கழுத்துவரை நிகழ்வன புறம். உடலைத் திறந்தால் மட்டுமே தெரிவன அகம். நம் துணிபு இது: பழைய டிரில்லின் நோய் பெரும்பாலும் புறத்தில் தொடங்கும், வீட்டு ஆண்களின் வைத்தியம் எப்போதும் அகத்தில் தொடங்கும். ஸ்க்ரூடிரைவர் கைக்கு வந்த பிறகு பிளக்கைப் பார்ப்பது கௌரவக் குறைச்சல் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் அகப்படவில்லை.

புறத்தில் முதலாவது வெட்சி, அதாவது ஆநிரை கவர்தல். தம்பி கம்ப்யூட்டருக்குப் போட்டிருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சொல்லாமல் உருவிக்கொண்டு வருவது இதில் அடங்கும். அவன் கத்திக்கொண்டே வந்து மீட்பது கரந்தை.

மீட்பதற்குள் பாக்ஸில் டெஸ்டரை வைத்துப் பார்க்க வேண்டும். சிவப்பாக எரிந்தால் "கரண்ட் வருது" என்று தீர்ப்பாகிவிடும். இது பாதித் தீர்ப்பு. டெஸ்டருக்குள் இருக்கும் நியான் விளக்கு ஃபேஸ் இருப்பதைத்தான் சொல்லும். நியூட்ரல் அறுந்திருந்தால் அதைப் பற்றி மூச்சுவிடாது. போதாக்குறைக்கு, அதே பாக்ஸில் ஒரு விளக்கு மாட்டிப் போட்டிருந்தால் அதன் வழியாக வந்த ஃபேஸ் நியூட்ரல் துளையிலும் டெஸ்டரை எரியவைக்கும். இரண்டு துளையிலும் எரிவதைக் கண்ட சித்தப்பா, "டபுள் கரண்ட் வருது" என்றார். உரையாசிரியர்கள் வழுக்கிய இடம் இது.

எலக்ட்ரீஷியன்கள் இதற்கு சீரிஸ் லேம்ப் வைத்திருக்கிறார்கள்: ஒரு 100 வாட் குண்டு பல்பு, ஹோல்டர், இரண்டு ஒயர். டிரில்லின் பிளக்கில் சிறிய பின்கள் இரண்டுக்கும் அதைக் கொடுத்து டிரில்லின் சுவிட்சை அழுத்தும்போது பல்பு எரிந்தால் பாதை முழுசு, எரியாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. ஒரு முனையை அந்தச் சிறிய பின்களில் ஒன்றிலும் மறுமுனையை உலோக உடலிலும் வைத்து எரிந்தால் லீக்கேஜ். அதற்கு மேல் தொடக் கூடாது. கோட்பாட்டு நூல்கள் நாற்பது பக்கத்தில் சொல்வதை இந்த பல்பு எரிந்தும் எரியாமலும் சொல்லிவிடும்.

புறத்தின் தலையாய துறை ஒயரின் கழுத்து. கைப்பிடிக்குள் ஒயர் நுழையும் இடத்தில் குட்டையான ரப்பர் உறை இருக்கும். அது முடியும் இடத்தில்தான் ஒயர் வருடக்கணக்காக மடங்கி நிமிர்கிறது. உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக முறிந்துகொண்டே வரும். மேலே ரப்பர் மாப்பிள்ளைக் களையோடு இருக்கும். அதனால் ஒயரை ஒரு கோணத்தில் வளைத்துப் பிடித்தால் ஓடும், விட்டால் நிற்கும். சித்தப்பா இடக்கைச் சுண்டுவிரலால் ஒயரை மேல்நோக்கி நெம்பியபடி, ஒரு காலைச் சற்றே தூக்கி டிரில்லை ஓட்டுவார். காலுக்கும் மின்சாரத்துக்கும் என்ன தொடர்பு என்பது ஆய்வுக்குரியது. அந்த இடத்தைத் தொட்டால் சூடாக இருக்கும். உள்ளே பொறி பறக்கிறது என்று பொருள். கெட்ட நாலு அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டு நல்ல இடத்திலிருந்து ஒயரை உள்ளே இணைத்தால் முடிந்தது. அரை மணி நேர வேலை. தள்ளிப்போட்டால் ஒரு தலைமுறை வரை ஆகும்.

பிளக்கின் பெரிய பின்னைப் பற்றி ஒரு வார்த்தை. அலுமினிய உடல் டிரில்லுக்கு எர்த் கட்டாயம். பாயின்ட்டில் நுழையவில்லை என்று அந்தப் பின்னை ஒடித்தவர்கள் உண்டு. இதில் நகைச்சுவைக்கு இடமில்லை. சதுரத்துக்குள் சதுரம் போட்ட முத்திரையுள்ள பிளாஸ்டிக் உடல் டிரில்கள் இரட்டைக் காப்பு உடையவை, இரண்டு பின்னோடு வாழும். பழையவை வாழா.

இனி அகம். ஆர்மேச்சரின் ஒரு முனையில் செம்புப் பட்டைகளாலான கம்யூட்டேட்டர் சுழல்கிறது. இருபுறமும் ஸ்பிரிங் தள்ளத் தள்ள வந்து உரசி மின்சாரம் கொடுப்பவை கார்பன்கள். தேய்வதற்கென்றே பிறந்தவை. நன்றாகத் தேய்ந்ததும் ஸ்பிரிங்கின் அழுத்தம் எட்டாது. தொடுதல் குறையக் குறைய நீலப் பொறி கூடும். ஒரு கார்பன் நன்றாகவும் மற்றது தேய்ந்தோ தூசியில் சிக்கியோ இருப்பது கைக்கிளை, ஒருதலை உறவு. அப்போது மிஷினை ஒரு தட்டுத் தட்டினால் சிக்கிய கார்பன் விடுபட்டு ஓடும். தமிழ்நாடெங்கும் வழங்கும் தட்டும் மரபுக்கு உள்ள உருப்படியான அறிவியல் அடிப்படை இது ஒன்றே.

மிக்சியின் கார்பனை எடுத்து டிரில்லில் போடுவது பெருந்திணை, பொருந்தா உறவு. தடிமனாக இருந்தால் உப்புத்தாளில் நான்கு பக்கமும் தேய்த்துச் சமாளிக்கலாம். மெல்லியதாக இருந்தால் கூட்டுக்குள் சாய்ந்து கம்யூட்டேட்டரைக் கீறிவிடும். கடையில் "டிரில் கார்பன் ஒண்ணு" என்று கேட்பவர் வெறுங்கையோடு திரும்புவார். பழையதைக் கழற்றிக்கொண்டு போய் மேசையில் வைப்பவருக்கே கிடைக்கும், அதுவும் ஜோடியாக. கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக நெருப்பு ஓடினால் கார்பனைக் குறை சொல்லிப் பயனில்லை. ரீவைண்டிங் கடைக்காரர் ஆர்மேச்சரை மூக்கருகே கொண்டுபோய், வார்னிஷ் கருகிய வாடை பிடித்து, "போயிருச்சு சார்" என்பார். அந்தச் செலவுக்குப் புதுசே வாங்கலாம் என்பது என் கருத்து. சித்தப்பாவின் கருத்து அன்று.

அகத்திணையில் எவர் பெயரையும் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய மரபு. கார்பன் மூடியின் காடியை நெம்பிச் சிதைத்தது யார், சக் சாவியைத் தொலைத்தது யார் ஆகிய வினாக்களில் எங்கள் வீடு இம்மரபை இன்றளவும் வழுவாமல் காத்து வருகிறது.

திறந்ததை மூடும் கலையில் இரண்டு சிக்கல்கள். எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய்க் கூட்டிப் பொருள் சொல்வார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். சுவிட்சுக்குள் ஒயர்களை இணைக்கும்போது சித்தப்பா அவர் கட்சி. மூடிய பின் ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது. "இது கம்பெனிக்காரன் சும்மா போட்டது" என்றார். மூலத்தில் இல்லாதது, பிற்காலத்தார் சேர்த்தது, அதாவது இடைச்செருகல். பதிப்பாசிரியர்கள் செய்வதைப் போலவே அதைத் தனியே ஒரு டப்பாவில் போட்டு வைத்தார்.

எஞ்சியது மதில் முற்றுகை, உழிஞை. மதிலைக் காப்பதாகிய நொச்சியைத் தொல்காப்பியர் தனித் திணையாக்கவில்லை. புறப்பொருள் வெண்பாமாலை செய்த ஐயனாரிதனார் ஆக்கினார். எங்கள் சமையலறைச் சான்றுகள் ஐயனாரிதனார் பக்கமே. சித்தப்பா கேட்க, மதில் காத்த அம்மா சொன்னது:

"அண்ணி, மெயின ஆஃப் பண்ணட்டா? உள்ள ஒயர் போகுதான்னு பாக்கணும்."

"கிரைண்டர்ல மாவு ஓடுது தம்பி. ஆஃப் பண்ணினா நாளைக்கு இட்லி கிடையாது. டைல்ஸ்ல ஒரு கீறல் விழுந்தாலும் கிடையாது."

டைல்ஸுக்கு மேலே, சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே வராத இடமாகப் பார்த்து முற்றுகை தொடங்கியது. போர்டிலிருந்து ஒயர்க் குழாய் பெரும்பாலும் செங்குத்தாக மேலேறும் என்பதால் அந்த நேர்க்கோட்டை விடுவது போர் அறம். இடப்பக்கம் செங்கல், ஆறு எம்.எம். பிட் செம்மண் தூளைக் கொட்டிக்கொண்டே உள்ளே போனது. வலப்பக்கம் காங்கிரீட் தூண். ஹேமர் இல்லாத பழைய டிரில்லின் பிட் ஜல்லியில் ஏறி நின்று அதைப் பளபளப்பாக்கியதே தவிர ஒரு நூல்கூட இறங்கவில்லை. பிட் நுனி சிவந்தது. தம்பி கரந்தைக்கு வந்து பாக்ஸை உருவிக்கொண்டு போனான்.

கரண்டி ஸ்டாண்டு இப்போது ஒற்றை ஸ்க்ரூவில் சற்றே சாய்ந்து தொங்குகிறது. கனத்த கரண்டிகளை இடப்பக்கமே மாட்ட வேண்டும் என்று அம்மா விதித்திருக்கிறார். இரண்டில் ஒரு துளை விழுந்தால் வாகை சூடலாமா என்பதற்கு இலக்கண நூல்களில் விதி இல்லை. சித்தப்பா சூடிவிட்டார்.